அளந்து பார்க்காமல் "பம்பு போச்சு" என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள், கார் ஓட்டிப் பிழைப்பவர்கள், பழைய கார் வாங்கத் தேடிக்கொண்டிருப்பவர்கள் மூன்று பேரும் கடைசி வரை படியுங்கள். கார் இல்லாதவர்கள், கார் வைத்திருக்கும் மச்சானுக்கு அனுப்பி வையுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் பெட்ரோல் பம்பு பழுதா இல்லையா என்பது ஊகித்துச் சொல்கிற விஷயம் அல்ல, அளந்து சொல்கிற விஷயம். ஒரு பிரஷர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், இருபது நிமிடம். இந்த மூன்றையும் செலவழிக்காமல் "பம்பு போச்சு சார், மாத்திருவோம்" என்று சொல்கிறவர் வைத்தியர் அல்ல, நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிறவர். அந்த மருந்துக்குப் பில் ஐந்தாயிரமும் வரும், பதினைந்தாயிரமும் வரும்.

பம்பு என்றவுடன் பெட்ரோல் போடும் பங்க்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது காருக்குள், பின் சீட்டுக்குக் கீழே, டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்கும் சின்ன மோட்டாரை. முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் ஐந்து நிமிடம் பாடம் எடுக்கிறேன். பாடம் புரிந்தால்தான் சண்டை போட முடியும்.

அந்தக் காலத்து அம்பாசிடரில் பம்பு இன்ஜின் ஓரத்திலேயே இருக்கும். இன்ஜினின் கேம் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ளும், உள்ளே இருக்கும் சவ்வு அசைந்து டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். கொடைக்கானல் மலை ஏறும்போது இன்ஜின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுத்துப் பம்பு தவிக்கும், வண்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கி, ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு ஒரு டீ குடிப்பார். வண்டி கிளம்பிவிடும். அவர் பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் காரணம் தெரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் வண்டி ஓட்டுவதற்கு டி.வி.எஸ். நிறுவனம் கருவி செய்து கொடுத்த மதுரை இது. காரணம் தெரிந்து கைவைக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இன்றைய கார்களில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சி அடிக்கிறது. அதற்கு அழுத்தம் வேண்டும். பெரும்பாலான சாதாரண பெட்ரோல் கார்களில் அது சுமார் 3 பார், சிலவற்றில் இன்னும் கூடுதல். 3 பார் என்றால் எவ்வளவு? 30 மீட்டர் உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துக் கீழே குழாயைத் திறந்தால் வரும் அழுத்தம். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் பாதி உயரத்துக்கும் மேலே. அதைத் தருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டார்.

மோட்டாரை ஏன் பெட்ரோலுக்குள் மூழ்க வைக்கிறார்கள், தீப்பிடிக்காதா? வகுப்பில் யாராவது ஒரு பையன் இதைக் கேட்பான். நல்ல கேள்வி. தீ எரிய எரிபொருள் மட்டும் போதாது, சரியான விகிதத்தில் காற்றும் வேண்டும். டேங்க்குக்குள் பெட்ரோல் ஆவி அவ்வளவு அடர்த்தி, எரிவதற்குப் போதுமான காற்று இல்லை. மூழ்க வைப்பதில் லாபம் இரண்டு. மோட்டாரைச் சுற்றியும் அதன் ஊடாகவும் பெட்ரோல் ஓடிச் சூட்டை எடுத்துவிடும், உராயும் பாகங்களுக்கு வழவழப்பும் கொடுக்கும். இன்னொன்று, இழுப்பதை விடத் தள்ளுவது நல்லது. தள்ளி அழுத்தத்தில் வைத்தால் குழாயில் பெட்ரோல் சுலபமாக ஆவியாகாது. ஈரத்துணிக்கு வேலையில்லாமல் போனது இதனால்தான்.

பம்பைச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது. அடியில் வலைப்பை போல ஒரு வடிகட்டி. அழுத்தம் கூடினால் மிச்சத்தை டேங்க்குக்கே திருப்பிவிடும் ரெகுலேட்டர். வண்டியை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் இறங்காமல் பிடித்து வைக்கும் ஒருவழி வால்வு. மின்சாரம் கொண்டுவரும் ஃபியூஸ், ரிலே, வயர், கனெக்டர், பாடியில் முடுக்கிய எர்த். இந்தக் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஓட்டத்தில் திணறி நின்றுவிட்டது. பழி மட்டும் எப்போதும் பம்பு தலையில்.

இது வெறும் தத்துவம் இல்லை. என்னிடம் படித்த ஒருவர் வாடகைக்கார் ஓட்டுகிறார். வாரம் இரண்டு முறை வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை டயாலிசிஸுக்கு மதுரைக்கு அழைத்து வருவார். ஒரு நாள் பரவை தாண்டும் முன்பே வண்டி நின்றுவிட்டது. பெரியவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார். எதையும் அளக்கவில்லை. "பம்பு போச்சு" என்றார்கள். பில் ரூ.13,800. மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. மூன்றாம் நாள் வண்டி மறுபடி நின்றது, அதே திணறலோடு.

அப்புறம்தான் வேறொரு மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.5 வோல்ட். பம்பு ஓடும்போது பம்பின் கனெக்டரில் 9.8 வோல்ட். நடுவில் 2.7 வோல்ட் எங்கே போனது? கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் வயரின் முனை பச்சை பூத்து, பாதி இழை எலி கடித்து அறுந்து கிடந்தது. வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் வராது. பழைய பம்பு போட்டாலும் வராது, புதுப் பம்பு போட்டாலும் வராது. எட்டாம் வகுப்பு மின்தடைப் பாடம் இது. சரிசெய்ய ஆன செலவு ரூ.350. "என் பழைய பம்பு எங்கே?" என்று முதல் இடத்தில் போய்க் கேட்டார். "அதையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு." அந்தப் பம்பு நல்ல பம்பா, கெட்ட பம்பா என்பது இனி யாருக்கும் தெரியாது.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

ஒன்று: "அனுபவம் சார், காதால் கேட்டாலே தெரியும்." அனுபவத்தை மதிக்கிறேன். பம்பு ஓடுகிறதா, ஓடவில்லையா என்று காது சொல்லும். அது 3 பார் தருகிறதா 2 பார் தருகிறதா என்று எந்தக் காதும் சொல்லாது. வகுப்பில் நாற்பது வருடம் இருந்த வாத்தியார் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறது என்பார். 101 டிகிரியா 103 டிகிரியா என்று அவரால் சொல்ல முடியுமா? அதற்குத்தான் தெர்மாமீட்டர்.

இரண்டு: "டெஸ்ட் பண்ண நேரம் ஆகும், கஸ்டமர் அதற்குக் காசு தர மாட்டான்." இது உண்மை, இதில் கார்க்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பாகத்தின் விலை பத்தாயிரம் என்றால் பேசாமல் எடுத்துக் கொடுப்பார்கள். "பரிசோதனைக் கூலி ஐந்நூறு" என்றால் "என்னப்பா, சும்மா பார்த்ததுக்கா?" என்று முகம் சுளிப்பார்கள். பார்ப்பதுதான் ஐயா வேலை. மாட்டுவது யாரும் மாட்டலாம். பார்ப்பதற்குக் கூலி மறுத்தால், மாட்டுவதில்தான் பிழைக்க வேண்டும் என்று மெக்கானிக்கைத் தள்ளிவிடுகிறோம். நேர்மையான மெக்கானிக் நஷ்டப்படுவதும், ஊகிக்கிறவர் செழிப்பதும் இந்த ஒரு பழக்கத்தால்தான்.

மூன்று: "கம்பெனியே மொத்த அசெம்பிளியாகத்தான் தருகிறது, நாங்கள் என்ன செய்ய?" பல கார்களில் உண்மை. இருபது முப்பது ரூபாய் பெறுமானமுள்ள ரப்பர் வளையம் கசிந்தாலும், வலைப்பை அடைத்தாலும், மோட்டார், மிதவை, ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்த ஒரே பொட்டலத்தை வாங்கச் சொல்கிறார்கள். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத வடிகட்டி" என்று விளம்பரம் வேறு. யாருடைய ஆயுள் என்று மட்டும் சொல்வதில்லை. இந்தக் குற்றம் தயாரிப்பாளர்களுடையது. ஆனால் பொட்டலம் பெரியது என்பதே, வாங்கும் முன் அளந்து பார்க்க இன்னும் வலுவான காரணம் அல்லவா?

பம்பு கெட்டே போகாது என்று நான் சொல்லவில்லை. கெடும். சில சமயம் தயாரிப்பிலேயே கெட்டு வரும். 2020 ஜூனில் ஹோண்டா 65,651 கார்களைத் திரும்ப அழைத்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தில் குறை, வண்டி ஓட்டத்தில் நிற்கலாம், ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று கம்பெனியே அறிவித்தது. அடுத்த மாதமே மாருதி சுசுகி 56,663 வேகன்-ஆர், 78,222 பலேனோ, ஆக 1,34,885 கார்களைப் பம்புக்காக அழைத்தது. 2024 மார்ச்சில் இன்னும் 16,041 கார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஹோண்டா மறுபடியும் 90,468 கார்களுக்கு அறிவித்தது. எல்லாவற்றிலும் பாகம் இலவசம், கூலி இலவசம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கார்களில் எத்தனை இன்று இரண்டாவது, மூன்றாவது கையில் ஓடுகின்றன? கம்பெனியின் அழைப்பு அவர்கள் பதிவேட்டில் உள்ள முகவரிக்கும் செல்போன் எண்ணுக்கும் போகும். அது முதல் உரிமையாளருடையது. காரை வாங்கிய நம் ஊர் டிரைவர் தம்பிக்குத் தகவலே வராது. இலவசமாக மாற வேண்டிய பம்புக்கு அவர் கடன் வாங்கிக் காசு கட்டுவார். ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யுங்கள்: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ "என் வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். காசு இல்லாத கேள்வி.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு உரிமையாளர்களே வாகன் தளத்தில் புகார் பதியலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையைப் புகார்கள் தாண்டினால்தான் விசாரணை நகரும். யாரும் பதியாவிட்டால் குறையே இல்லை என்றுதான் கணக்கு.

அடுத்து, எல்லோரும் கேட்பது இ20 பெட்ரோல். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்சி. ஒரு கட்சி "எத்தனால் எல்லாப் பம்பையும் தின்றுவிடும்" என்கிறது. இன்னொரு கட்சி "ஒன்றுமே ஆகாது, சொல்கிறவன் தேசத்துரோகி" என்கிறது. இரண்டும் அளக்காத பேச்சு.

தெரிந்ததைச் சொல்கிறேன். 20 சதவீதம் கலக்கும் இலக்கு முதலில் 2030-க்கு இருந்தது. 2022-ல் அதை 2025-26-க்கு முன்னால் இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் விற்பனை தொடங்கி, இன்று வேறு வகை கேட்டாலும் பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பதில்லை. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்கள் இதைத் தாங்கும் பாகங்களோடு வந்தவை. அவற்றுக்குப் பயம் வேண்டாம். பழைய கார்களைப் பற்றி 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகமே சொன்னது: நீண்ட பயன்பாட்டுக்குப் பின், 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில், சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அது செலவு குறைந்த வேலை என்று. செலவு குறைந்த வேலைதான். ஆனால் அந்த ரப்பர் வளையத்தைத் தனியாக விற்கிறார்களா? இங்கேதான் பழைய பிரச்சினைக்கே திரும்பி வருகிறோம். அமைச்சகம் "ரப்பரை மாற்று" என்கிறது. கடையில் "பொட்டலத்தை மாற்று" என்கிறார்கள். நடுவில் நிற்பவர் 2014 மாடல் கார் வைத்திருக்கும் சாமானியர்.

வேதியியலும் கொஞ்சம். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவது அடியிலிருந்துதான். எத்தனால் நல்ல கரைப்பானும்கூட. பல வருட அழுக்கு படிந்த டேங்க்கில் அதை இளக்கிவிட்டு வலைப்பையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே பழைய காரில் வலைப்பையையும் ரப்பர்களையும் கவனிப்பது அவசியம். இதுவும் அளந்து, பார்த்துச் செய்கிற வேலைதான்.

சரி, வாத்தியாரே, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

1. தினமும் காது கொடுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் இருங்கள். பெரும்பாலான கார்களில் பின் சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று நொடி "ஊங்" என்று மெல்லிய சத்தம் வந்து நிற்கும். அதுதான் உங்கள் பம்பு நலமாக இருக்கும்போது பாடும் சுருதி. சுருதி மாறினால் தெரியும்.

2. காலையில் மட்டும் நீண்ட நேரம் ஸ்டார்ட்டரை முறுக்க வேண்டியிருக்கிறதா? சாவியை ஆன், ஆஃப் என்று இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். உடனே பிடித்தால், இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். ஒருவழி வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

3. நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டு ரிசர்விலேயே ஓட்டாதீர்கள். கால் டேங்க்குக்குக் கீழே போனால் உடனே பம்பு எரிந்துவிடும் என்பது மிகை. பம்பு உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் தங்கும். ஆனால் வற்றவற்ற ஓட்டினால் குளிர்ச்சியும் இல்லை, வழவழப்பும் இல்லை. சித்திரை வெயிலில் திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் அதைச் செய்வது மோட்டாரைச் சட்டியில் வறுப்பது. கால் டேங்க்கை அடிமட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. பெட்ரோலின் மேல் சந்தேகமா? பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம், அடர்த்தி பார்க்கச் சொல்லலாம், ஐந்து லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். எல்லாம் உங்கள் உரிமை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியதாகச் சந்தேகம் வந்தால் கேட்கத் தயங்காதீர்கள்.

5. வண்டி நின்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, அடுத்து வயர். ஃபியூஸ் விலை டீ விலை. வயலும் வைக்கோலும் சூழ்ந்த ஊர்களில் எலியை முதல் குற்றவாளியாக எழுதிக்கொள்ளுங்கள்.

6. டேங்க்கை வீட்டு வாசலில் திறக்காதீர்கள். குழாயில் அழுத்தம் இருக்கும், பெட்ரோல் முகத்தில் பீறிடும். அது தெரிந்தவர் வேலை. டீசல் காமன் ரயில் வண்டியில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல், தோலைத் துளைக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

ஒர்க்ஷாப்பில் "பம்பு போச்சு" என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்த வண்டிக்கு இருக்க வேண்டிய அழுத்தம் எவ்வளவு? இப்போது எவ்வளவு காட்டுகிறது? வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு நிற்கிறது? பம்பு ஓடும்போது அதன் கனெக்டரில் எத்தனை வோல்ட்? பேட்டரிக்கும் கனெக்டருக்கும் அரை வோல்ட் அளவுதான் வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் முதலில் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு எண்ணையும் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். மாற்றிய பின் அதே எண்களை மறுபடி எழுதச் சொல்லுங்கள். பழைய பம்பைக் கையோடு வாங்கி வாருங்கள். அது உங்கள் சொத்து. இந்தப் பரிசோதனைக்கு அவர் கேட்கும் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

கார் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் ஒரு கிழவனின் கோரிக்கை. பம்பின் சரியான அழுத்தத்தைத் தமிழில் அச்சிட்ட கையேட்டில் போடுங்கள். வலைப்பை, ரப்பர் வளையம், மோட்டார் மூன்றையும் தனித்தனியாக விற்றுத் தொலையுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் எத்தனை சதவீதம் எத்தனால் என்று கண்ணில் படும்படி எழுதுங்கள். ரீகால் பாக்கியுள்ள வண்டி கை மாறும்போது, ஆர்.சி. பெயர் மாற்றத்திலேயே புதிய உரிமையாளருக்குத் தகவல் போகும்படி செய்யுங்கள். சேஸிஸ் எண் அரசிடம் இருக்கிறது, செல்போன் எண்ணும் இருக்கிறது. இணைக்க மனசுதான் வேண்டும்.

மெக்கானிக் தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களில் பலர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பெஞ்சை விட நன்றாக மோட்டாரைப் பிரித்து மாட்டியவர்கள். ஒரு பிரஷர் கேஜின் விலை ஒரு பம்பின் விலையை விடக் குறைவு. அதைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். அளந்து காட்டுகிற கடைக்கு, பத்து கிலோமீட்டர் தாண்டியும் வண்டிகள் வரும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன். ஆனால் எண்ணோடு வாருங்கள்.